மஞ்சள் வயர்களின் முகூர்த்தம்

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் சந்தன வாசனை வந்தது.

கோயிலில் வந்திருந்தால் கும்பிட்டிருப்பேன். வந்தது ஓர் இரும்பு அலமாரிக்குள்ளிருந்து. கல்யாண மண்டபத்தில், மேடைக்கு இடப்பக்கம், ஆளுயரத்துக்கு நிற்கிற அலமாரி அது. உள்ளே வரிசை வரிசையாகத் துளைகள். துளைகளில் செருகிய வயர்கள். அவற்றுக்கு மேலே பச்சை விளக்குகள் சின்னச் சின்னதாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

எனக்குப் பின்னால் மண்டபம் நிறைந்து உட்கார்ந்திருந்தது. மேடையில் ஓமப்புகை எழுந்து, ஜன்னல் வழியே வந்த வெயிலில் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மணையில் இருந்தார். ஐயர் என்னைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார். மணப்பெண்ணின் அறைக்கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை.

அந்தக் கதவு திறக்க ஒரு குரல் வர வேண்டும். அது வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு மனிதன் பதற வேண்டும். எனக்குத் தூக்கம் மாதிரி ஒன்று வந்தது. பதற வேண்டிய நேரத்தில் எனக்கு எப்போதும் அப்படித்தான். பரீட்சை ஹாலில் வந்திருக்கிறது. என் சொந்த முகூர்த்தத்திலும் வந்தது, போட்டோவில் பார்க்கலாம்.

வயர் மந்திரி

சென்ற வாரம் மண்டபத்து ஜெனரேட்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, உமக்கும் அந்த மண்டபத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மண்டபம் என் மனைவியின் அண்ணனுடையது. நான் சென்னையில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர்களுக்கு வயர் இழுக்கும் பிரிவில் இருந்தவன். கம்பெனி ஒருநாள் மிகுந்த அன்போடு என்னை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவைத்தது. சங்கரன்கோவிலுக்கு வந்து, புத்தகங்களை அடுக்கி, ஏற்கெனவே படித்தவற்றைப் புதிதாகப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தேன்.

தங்கை புருஷன் பகலில் சாய்வு நாற்காலியில் கிடப்பதை எந்த மைத்துனரும் நெடுநாள் பொறுக்க மாட்டார். "மண்டபத்துல வயரெல்லாம் ஒரே சிக்கலாக் கெடக்கு. நீங்க படிச்சவுக. வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு வயர் புதிதாக வந்து சேர்ந்திருந்தது. எந்த வயரும் திரும்பிப் போனதில்லை. மைக் வயர், கேமரா வயர், இன்டர்நெட் வயர், என்றோ வாசுதேவநல்லூரிலிருந்து வந்த சவுண்டு செட்டுக்காரர் மறந்துவிட்டுப் போன வயர். எல்லாம் மேடைக்கு அடியில் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தன. சந்தேகமாக இருந்த ஒன்றை மெதுவாக உருவினேன். வாசலில் 'நல்வரவு' அணைந்தது.

ஓட்டைப் பெட்டி

இதற்கெல்லாம் மருந்தாக நான் கொண்டுவந்ததுதான் பேட்ச் பேனல். மண்டபத்து மேனேஜர் சங்கரபாண்டி இன்றைக்கும் அதை 'ஓட்டைப் பெட்டி' என்றுதான் சொல்லுவார். அவர் சொல்வதில் தப்பில்லை.

விஷயம் எளிது. சுவருக்குள் ஓடும் வயர்களெல்லாம் பின்பக்கமாக வந்து இந்தப் பலகையில் அடங்கிவிடும். அவற்றை அப்புறம் யாரும் தொட வேண்டியதில்லை. முன்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. துளைக்கு மேலே அதன் பெயர். மேடை, பந்தி, வாசல், பொண்ணு ரூம், மாப்பிள்ளை ரூம், போன். ஒரு முழ நீள வயரை எடுத்து இந்தத் துளைக்கும் அந்தத் துளைக்கும் பாலம் போட்டால் போதும். மேடையில் பேசுவது வாசலில் கேட்கும். மேடைக்கு அடியில் யாரும் தவழ வேண்டாம்.

இன்டர்நெட்டுக்கும் ஒலிக்கும் ஒரே ஜாதி வயர், ஒரே அளவுத் துளை. சிக்கனம் என்று நான்தான் அப்படிச் செய்தேன். ஆனால் கேமராவுக்குப் போகிற வயரில் கரண்டும் சேர்ந்து போகும். அதைத் தெரியாமல் ஸ்பீக்கர் துளையில் செருகினால் புகை வரலாம். ஆகவே இன்டர்நெட்டுக்கு நீல வயர், ஒலிக்குக் கறுப்பு வயர் என்று பிரித்தேன். மஞ்சளில் ஒரு கட்டு மிச்சமிருந்தது. அதைப் பெட்டியோடு மேனேஜர் அறையில் வைத்தேன்.

அலமாரியை ஸ்டோர் ரூமில் வைக்கச் சொன்னார் மைத்துனர். நான் சம்மதிக்கவில்லை. கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே ஒரு சின்ன விளக்கும் வைத்து, மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மாலையும் கழுத்துமாக நிற்கும் தம்பதியை விட்டுவிட்டு ஜனங்கள் என் வயர் ஒழுங்கைப் பார்த்து வியப்பார்கள் என்று ஓர் எண்ணம். ஐம்பது வயதுக்கு மேல் மனிதனுக்கு இப்படியெல்லாம் ஆசை வரும்.

முகூர்த்தம் இல்லாத நாட்கள்

கல்யாணம் இல்லாத நாளில் அந்த மண்டபத்தில் போய் உட்காருவது எனக்குப் பழக்கமாயிற்று. முந்தின நாள் உதிர்ந்த பிச்சிப்பூ ஓரங்களில் வாடிக் கிடக்கும். நாற்காலிகள் அடுக்கடுக்காக ஏறி நிற்கும். மேலே புறா. பக்கத்துத் தெருவிலிருந்து விசைத்தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி விட்டுவிட்டு வரும். ஆளில்லாத மண்டபத்தில் பச்சை விளக்குகள் மட்டும் யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல் துடித்துக்கொண்டிருக்கும்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பது மறந்துவிடும். சின்ன வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். காதில் மாட்டிக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பார். முன்னால் இதே மாதிரி துளைகள். ஒரு வயரை உருவி இன்னொன்றில் குத்தி, "பேசுங்க" என்பார். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. மதுரையில் ஒருவர் அழுவதும் இங்கே ஒருவர் சிரிப்பதும் அந்த அம்மாளின் கை வழியாகத்தான் போயின. தண்ணீர் மாதிரி வயருக்குள் குரல் ஓடும், உருவினால் தரையில் சிந்தும் என்று நான் நம்பியிருந்தேன். அவர் காலடியை உற்றுப் பார்ப்பேன். ஈரமே இருக்காது.

இந்த நம்பிக்கை முழுதாகப் போய்விட்டது என்று இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

கோமதியின் தம்பி

எங்கள் தெருவில் இருக்கும் கோமதி, மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பேச வந்தாள். புருஷன் விசைத்தறி வைத்திருப்பவர், சாது. பேச்சை அவர் ஆரம்பிப்பார், அவள் முடிப்பாள். அன்று மட்டும் அவர் முடித்தார்.

"தாய்மாமன் சவுதியில இருக்கான் அண்ணாச்சி. லீவு கெடைக்கல. மாமன் கையப் பிடிச்சுத்தான பிள்ளைய மணவறைக்குக் கூட்டியாரணும். கைதான் வர முடியல, குரலாவது வரட்டும்னு நெனைக்கோம். அவன் போன்ல 'வாம்மா'ன்னு கூப்பிடணும். சபை முழுக்கக் கேக்கணும். பொறவு பிள்ள வெளிய வரும். முடியுமா?"

"அதுக்குத்தான ஓட்டைப் பெட்டி" என்றேன், என்னை அறியாமல்.

கோமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் பேச மாட்டான் அண்ணாச்சி."

"ஏன்?"

அவள் எழுந்து போன பிறகு புருஷன்தான் சொன்னார். கோமதியின் அம்மா இறந்தபோதும் தம்பி வேலாயுதத்துக்கு லீவு இல்லை. போனில் வீடியோவில் காட்டியிருக்கிறார்கள். அவர் அங்கே இருந்து அழ, கோமதி, "அழுததெல்லாம் போதும், அங்கனயே இரு" என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை.

"இப்ப நாந்தான் நடுவுல இருந்து பேசி சம்மதிக்க வச்சிருக்கேன். அவன் சரின்னுட்டான். இவதான் நம்ப மாட்டுக்கா. சபையில வச்சுப் பழி வாங்கப் போறான்னு சொல்லுதா. அந்த நேரத்துல மட்டும் சத்தம் வரலைன்னு வைங்க, சென்மத்துக்கும் தீராது."

அதுவரை எனக்கு இந்த வேலை ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு ஒரு முழ வயர்தான்.

கறுப்பு ஆகாது

முந்தின நாள் சாயங்காலமே எல்லாம் சோதித்தாயிற்று. மேஜையில் போன், போனிலிருந்து ஒரு சின்னப் பெட்டி, பெட்டியிலிருந்து பேனலில் 'போன்' துளை, அங்கிருந்து கறுப்பு வயர் ஒன்று 'மேடை'க்கு. மேடை மைக்கின் சத்தம் போனுக்குத் திரும்பிப் போக இன்னொரு கறுப்பு வயர். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் நேரம் வந்தது. வேலாயுதத்தைக் கூப்பிட்டேன். எடுத்துவிட்டார். போன் திரையில் நொடிகள் ஓடின. நாதஸ்வரம் நின்றது. கோமதி மணமகள் அறைக்கு முன்னால் தாம்பாளத்தோடு நின்றாள். நான் சத்தத்தை ஏற்றினேன்.

மேடையில் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் ஏற்றினேன். சபை காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறிகளின் சத்தம்தான் கேட்டது. ஒரு கணம் நானும் நினைத்துவிட்டேன், இவர் பேச மாட்டேன் என்றுதான் இருக்கிறார் என்று.

"பாத்தீயளா" என்றாள் கோமதி புருஷனிடம். சத்தமே இல்லை குரலில். "நான் அன்னைக்கே சொன்னேம்லா." தாம்பாளத்தில் இருந்த மஞ்சள் கிழங்கு ஒன்று உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் அலமாரிக் கதவைத் திறந்தேன். சந்தன வாசனை வந்தது.

உள்ளே ஒரு கறுப்பு வயர்கூட இல்லை. நீலம் தவிர எல்லாம் மஞ்சள். புதுத் தாலிக்கயிறு மாதிரி பளபளவென்று, அழகாக வளைந்து தொங்கின. துளைகளுக்கு மேலிருந்த பெயர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். மேடை எது, பந்தி எது, ஊர்க் கோயிலில் இருக்கிற கோமதி அம்மனுக்குத்தான் தெரியும்.

"என்னவே இது?" என்றேன்.

சங்கரபாண்டி பக்கத்தில்தான் நின்றார். "மாப்பிள வீட்டுப் பெரியம்மா காலையில வந்து பாத்தாக அண்ணாச்சி. மணவறைக்குப் பக்கத்துல கண்ணாடிக்குள்ள கருநாகம் மாதிரி என்னதுன்னு கேட்டுட்டாக. மங்கல காரியத்துல கறுப்பு ஆகாதுல்லா. ஒங்க மஞ்ச வயர எடுத்து ஒவ்வொண்ணா மாத்திட்டேன். நீங்க அந்நேரம் டிபன் சாப்பிட்டுக்கிட்டிருந்திய."

"இந்தச் சந்தனம்?"

"புது வயரு போட்டுட்டு மூளியாவா விடச் சொல்லுதீய?"

ஸ்டோர் ரூமில் இருந்திருந்தால் பெரியம்மா பார்த்திருக்க மாட்டார். கண்ணாடிக் கதவு என்னுடையது. உள்விளக்கு என்னுடையது. கருநாகத்துக்கு விளக்குப் போட்டுக் காட்டியதும் நான்தான்.

சுவருக்குள் ஒருவர்

அந்த நேரத்தில் பரிமாறுகிறவர் ஒருவர் சாம்பார் வாளியோடு மேடைப் பக்கம் ஓடிவந்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"யாரோ ஒருத்தரு பந்தியில பேசுதாரு. ஆளக் காணோம். செவுத்துக்குள்ள இருந்து 'யக்கா, யக்கா'ன்னு கூப்பிடுதாரு. ஒருத்தரும் இட்லியில கை வைக்க மாட்டுக்காங்க."

கோமதி தாம்பாளத்தைப் புருஷன் கையில் திணித்தாள். பட்டுச் சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு சபைக்கு நடுவே நடந்தாள். மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்த தலைகளெல்லாம் காற்றில் சோளக்கதிர் மாதிரி அவள் போகும் பக்கம் திரும்பின.

சாப்பாட்டுக் கூடத்துக் கேமராவின் படம் என் அலமாரியில் ஒரு சின்னத் திரையில் தெரியும். சத்தம் இல்லாத படம். இலை வரிசைகளுக்கு நடுவே கோமதி வந்து நின்றாள். சுவரில் உயரத்தில் இருந்த ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தாள். இருபுறமும் இலைக்கு முன்னால் மனிதர்கள், வலக்கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பொங்கலில் இருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. எனக்கு அது தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது.

குரல் மட்டும் கூடத்தின் கதவு வழியாக, மண்டபத்தைக் கடந்து, தேய்ந்து வந்தது.

"யக்கா... கேக்குதா? நான் வேலு பேசுதேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டுக்கியளே... கோவமா இருக்கியா? இருந்தா இரு. நான் வைக்க மாட்டேன்."

திரையில் கோமதியின் வாய் அசைந்தது. அவள் சுவரிடம் பேசினாள். சுவரால் அவருக்குச் சொல்ல முடியாது. மேடை மைக் மட்டும்தான் போனுக்குப் போகிறது.

"மஞ்சள உருவி மேடைத் துளையில போடுங்க அண்ணாச்சி" என்றார் சங்கரபாண்டி. "பந்திக்குப் பக்கத்துத் துளைதான் அது. பேசுறது இங்கன கேக்கும். ஐயரு மொறைக்காரு."

சரியான யோசனை. என் கை அந்த வயர்மேல்தான் இருந்தது, மேடைக்குப் பதிலாக அவர் பந்தியில் செருகிவிட்ட போன் வயர். பொட்டைத் துடைத்துவிட்டேன், விரலில் சந்தனம் ஒட்டியது. உருவினால் இரண்டு நொடி. வேலாயுதத்தின் குரல் மேடைக்கு வந்துவிடும். அழுகை உட்பட, சம்பந்தி வீட்டார் முன்னால். கோமதியோ அங்கே வெறும் சுவருக்கு முன்னால் நிற்பாள், மறுபடியும் ஒரு போன் அணைந்துவிட்ட மாதிரி.

"இருவே" என்றேன்.

"என்ன இருவேங்கிய?"

பந்தியில் ஒரு மைக் உண்டு. 'அடுத்த பந்திக்கு எடம் இருக்கு, வாங்க' என்று சொல்வதற்கு. போனுக்குப் போய்க்கொண்டிருந்த மேடை மைக்கின் வயரை உருவினேன். அந்த இடத்தில் பந்தி மைக்கைச் சேர்த்தேன். தப்பைத் திருத்தவில்லை. தப்புக்கு ஒரு ஜோடி சேர்த்து வைத்தேன். அந்த எக்ஸ்சேஞ்சு அம்மாளின் முகத்தை வைத்துக்கொள்ள முயன்றேன், வரவில்லை.

"ஓடிப்போய் அந்த மைக்கை கோமதி கையில கொடும்" என்றேன். சங்கரபாண்டி ஓடினார். போகிற போக்கில் நாதஸ்வரக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் தலையசைத்து, அவசரமே இல்லாத ஒரு ராகத்தை எடுத்து, மெதுவாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

திரையில் மைக் கை மாறியது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஒட்டுக் கேட்பதுதான். சத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டாமா?

முதலில் மூச்சுச் சத்தம். பிறகு கோமதி.

"ஏலே வேலு."

"யக்கா."

"வச்சிராதல."

"நான் எங்க வச்சேன்?"

ஒரு டம்ளர் உருண்ட சத்தம். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். இரண்டு பேரில் ஒருவரா, இலைக்கு முன்னால் இருந்த யாராவதா, சொல்ல முடியாது.

"ஒம்மருமவ உள்ள நிக்கால" என்றாள் கோமதி. "நீ கூப்பிட்டாத்தான் வருவா. நான் அங்கன போறேன். அம்பது எண்ணிட்டுக் கூப்பிடு."

அவள் திரும்பி நடந்து வந்தாள். புருஷன் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். கீழே கிடந்த மஞ்சள் கிழங்கை எடுத்து வைத்தாள். என் பக்கம் பார்த்தாள். நான் போன் வயரைப் பந்தியிலிருந்து உருவி, பக்கத்து 'மேடை'த் துளையில் செருகினேன்.

"மக்கா" என்றது மண்டபம் முழுவதும். "மாமா கூப்பிடுதேன். வாம்மா."

அறைக்கதவு திறந்தது.

அதற்கப்புறம்

கெட்டிமேளம் கொட்டி, அட்சதை விழுந்து, எல்லாம் முறைப்படி நடந்தது. பெரியம்மா அலமாரியைப் பார்த்து, "இப்ப எப்படி லெச்சணமா இருக்கு" என்றார்.

எல்லோரும் போன பிறகு, சாயங்காலம் சந்தனத்தைத் துடைக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். பந்தி மைக் இன்னும் போனில்தான் இருந்தது. மேடை மைக்கை நான் திரும்பச் சேர்க்கவே இல்லை. தாலி கட்டியபோதும், அதற்குப் பிறகும், வேலாயுதம் கேட்டுக்கொண்டிருந்தது மணவறையை அல்ல. சாப்பாட்டுக் கூடத்தை.

வெட்கமாகப் போய்விட்டது. நானே அவரைக் கூப்பிட்டேன்.

"மந்திரம் ஒண்ணும் ஒங்களுக்குக் கேட்டிருக்காது. தப்பு என்னோடதுதான்" என்றேன்.

"மேளம் கேட்டுது அண்ணாச்சி. தூரத்துல" என்றார். "பந்தியில இருந்தா அப்படித்தான கேக்கும். நான் கடைசிப் பந்தி வரைக்கும் வைக்கவே இல்ல. எல போடுறது, தண்ணி ஊத்துறது, சொந்தக்காரனுவ புரணி பேசுறது, ஒண்ணு விடல. கல்யாணத்துக்கு வந்து உக்காந்திருந்த மாதிரியே இருந்துச்சி."

நான் இன்னொரு பொட்டைத் துடைத்தேன்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. மைக்குப் பக்கத்துலயே ஒரு பெரியவரு இருந்தாரு போல. வட, வடன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவருக்கு வந்துச்சா?"

எனக்கு எப்படித் தெரியும்?

"வந்துச்சு" என்றேன். "ரெண்டா வச்சாங்க."

"அப்ப சரி" என்றார் வேலாயுதம்.